லோடு இல்லாமல் ஓடும் மீட்டர்

அது வாட்ச் இல்லை தம்பி. பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். போன தடவை இதே பஸ்ஸில் ஒரு அம்மா இவளிடம் மணி கேட்டாள். இவள் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாள். இவளுக்குப் பேச்சு வராது. காதில் விழும், புரியும், வாயில்தான் வராது. ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரி. தவமணி என்று பெயர்.

நீங்க நன்றாக நகர்ந்து உட்காருங்க. மூன்று பேர் சீட்தானே. இவளை ஜன்னல் ஓரம் வைத்தால் அந்த வலது கையை யாரும் இடிக்க மாட்டார்கள். அதற்காகத்தான் நான் நடுவில் உட்கார்ந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை வரைக்கும் நான் இப்படித்தான், காவல் மாதிரி.

பக்கவாதம். வலது பக்கம் அடித்துவிட்டது, பேச்சும் அதில்தான் போனது. கால் தேறிவிட்டது, பிடித்துக்கொண்டு நடப்பாள். கைதான் தேறவில்லை. அந்தக் கையில் கட்டியிருப்பது ஒரு கருவி. மதுரையில் கை கால் பயிற்சி கொடுக்கிற ஒரு மையம் இருக்கிறது, அங்கே இரவலாகக் கொடுத்தது. கை எவ்வளவு அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் உறுமும். மூளை அந்தக் கையை மறந்துவிடுமாம். மறக்க விடக் கூடாது என்பதற்காக இந்த உறுமல். அசைவுக் கணக்கு என் போனுக்கு வரும். கோயம்புத்தூரில் இருக்கிற என் மகள் வெண்ணிலா போனுக்கும் போகும். மையத்தில் ஜெனிட்டா என்று ஒரு பெண் பயிற்சி கொடுக்கிறாள், அவள் கம்ப்யூட்டருக்கும் போகும். மணிக்கு மணி பச்சைக் கோடு. அசைந்தால் கோடு உயரும். அசையாவிட்டால் தரையோடு தரை.

இன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறோம். பழுது.

இவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீங்க. எனக்கு வேலையே அதுதான் தம்பி. மின்வாரியத்தில் மீட்டர் சோதனை. கடைசி வரைக்கும் அந்த ஒரே பிரிவு. நல்ல மீட்டர் எது, பொய் சொல்லும் மீட்டர் எது என்று கண்டுபிடிக்க முதலில் ஒன்று செய்வோம். வீட்டு மெயினை அணைத்துவிடுவோம். விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, ஒரு லோடும் இல்லை. அப்படியும் உள்ளே சக்கரம் சுற்றுகிறதா? அப்படியானால் அது பழுது. வேறு எதுவும் பார்க்க வேண்டாம், கழற்றி எடுத்து வந்துவிடலாம். இந்தக் கருவியும் அதே கேஸ்தான். லோடு இல்லாமல் ஓடுகிறது.

திருட்டுக் கரண்ட் பிடிக்கவும் கூப்பிடுவார்கள். அது ஒரு வேடிக்கை. எங்கள் ஜீப் தெருமுனையில் திரும்புவதற்குள் ஊருக்கே செய்தி போய்விடும். கம்பியில் போட்ட கொக்கியை எடுத்துவிடுவார்கள், கிரைண்டர் நிற்கும், மோட்டார் நிற்கும். நாங்கள் போய் நிற்கும்போது தெருவே பூஜை அறை மாதிரி அமைதியாக இருக்கும். நாங்கள் அந்தப் பக்கம் போனதும் எல்லாம் மறுபடி ஓடும். நாங்கள் நிற்கிற வரைக்கும் அந்தத் தெருவில் ஒன்றும் நடக்காது. இதெல்லாம் பார்த்துத்தான் எனக்கு இந்த மூளை வந்தது. யாரும் என்னை ஏமாற்ற முடியாது.

இந்தா தவமணி, பாட்டிலை ஏன் இழுக்கிறாய், நான் திறந்து தருகிறேன். ம். மெதுவாகக் குடி. போதுமா? கொடு.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் ரிட்டயர் ஆகி வந்த புதிதில் இவள் என்னை அடுப்படிக்குள் விட்டதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நானாக மொண்டு குடித்தால், "ஏன், என்னைக் கூப்பிட்டா ஆகாதா" என்பாள். நாற்காலியை இந்தப் பக்கம் போட்டால் பெருக்கணும், எந்திரிங்க. அந்தப் பக்கம் போட்டால் துடைக்கணும், எந்திரிங்க. பகல் முழுக்க என் வீட்டில் நான் எங்கே இருப்பது என்றே தெரியாது. இப்போது பாருங்க. சோறு வடிப்பது நான், குழம்பு நான், துணி நான், இவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது நான். பின்னல் கோணலாகத்தான் வரும், ஆனால் அவிழாது. ரசம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இவளை ஒரு வேலை செய்ய விட்டதில்லை. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மனுஷன்னா இப்படி இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களாகச் சொல்கிறார்கள்.

இவள் செய்யப் பார்ப்பாள். அதுதான் கஷ்டம். டம்ளரைத் தூக்கப் போவாள், அது உருண்டு ஓடும். "விடு, நான் இருக்கேன்ல" என்று எடுத்துவிடுவேன். ஒரு தடவை சம்பந்தி வீட்டார் பார்க்க வந்திருந்தார்கள். இலை போட்டு எல்லோரையும் உட்கார வைத்தேன். இவளும் உட்கார்ந்தாள். இடது கையால் சாப்பிட மாட்டாள், அது அவள் பிறவிப் பழக்கம், எவ்வளவு சொன்னாலும் மாட்டாள். அந்த வலது கையைக் கொண்டுபோய் சோற்றில் வைத்தாள். பிசையவும் முடியாமல் அள்ளவும் முடியாமல், பாதி வாய்க்கு, பாதி மடிக்கு. கன்னத்தில் எல்லாம் சோறு. சம்பந்தியம்மா பார்க்காத மாதிரி அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது தம்பி. எழுந்து போய் இவள் கையைக் கழுவிவிட்டு நானே ஊட்டினேன். அன்றிலிருந்து ஒரு வாய் அவளாகச் சாப்பிட விட்டதில்லை. சில நேரம் இடது கையால் என்னைத் தட்டிவிடுவாள். இந்த நோயில் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பொறுத்துக்கொள்கிறேன்.

அந்த ஜெனிட்டாவிடம் இதைச் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். "சிந்தட்டும் சார்" என்றாள். அவளுக்கென்ன, துடைக்கிறவன் நான். முதல் சில மாதங்களில்தான் கை திரும்பி வரும், அதற்குள் எவ்வளவு வேலை கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, அப்புறம் ரொம்பக் கஷ்டம் என்றாள். அதற்குத்தான் இதைக் கட்டிவிட்டாள்.

கட்டிவிட்ட நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. நோயாளியைப் பக்கத்தில் நின்று ஒரு மேஸ்திரி அதட்டுகிற மாதிரி அது உறுமிக்கொண்டே இருக்கும். நான் ஓடிப் போய் இவள் கையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிவிடுவேன். நின்றுவிடும். கோடும் நன்றாக உயர்ந்தது. ஆனால் ஜெனிட்டா போன் பண்ணினாள். "சார், இது நீங்க ஆட்டுறது. ஒரே மாதிரி இருக்கு, எனக்குத் தெரியுது. அம்மா அசைக்கணும்" என்றாள். சரி, கெட்டிக்காரப் பெண்தான். ஆட்டுவதை விட்டுவிட்டேன். கோடு படுத்துவிட்டது.

அப்போது வெண்ணிலா ஒரு யோசனை சொன்னாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே கிடந்தால் நீங்களும் படுத்துவிடுவீர்கள், காலையில் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள் என்றாள். எங்களுக்கு ஒரு பென்ஷனர் சங்கம் இருக்கிறது, பேப்பர் வரும், நாலு பேர் பேசிக்கொண்டிருப்போம். அதுவரை இவளைப் பார்த்துக்கொள்ள எதிர் வீட்டு மைமூனிடம் சொன்னேன். கடைக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறவள். மல்லிகை மொட்டை ஒரு முறத்தில் கொட்டி எடுத்துக்கொண்டு வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுவாள். இவளை மதினி, மதினி என்று கூப்பிடுவாள். நல்லவள்தான். ஆனால் சுத்தம் போதாது. நான் திரும்பி வந்து பார்த்தால் இவள் உட்காருகிற இடத்தைச் சுற்றி மொட்டு சிதறிக் கிடக்கும். கசங்கின மொட்டு, காம்பு ஒடிந்த மொட்டு. இவள் மடியில் எல்லாம் இருக்கும். உன் முறத்தை உன் பக்கம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். சிரிப்பாள்.

இங்கேதான் விஷயம் வருகிறது. நான் வெளியே போக ஆரம்பித்த பிறகு பச்சைக் கோடு ஏறுகிறது. எப்போது ஏறுகிறது? நான் சங்கத்தில் பேப்பர் படிக்கிற நேரத்தில். நான் செருப்பைக் கழற்றி உள்ளே வருகிறேன், கோடு படுத்துவிடுகிறது. மத்தியானம் தரையோடு தரை. சாயங்காலம் தரையோடு தரை. மறுநாள் நான் வெளியே போனதும் மறுபடி ஏறுகிறது.

ஜெனிட்டா போனில் துள்ளினாள். அம்மாவுக்குக் கை வருது சார் என்றாள். எங்கே வருகிறது? நான் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கை மடியில் அப்படியே கிடக்கிறது. நான் தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் இருக்கிறது. அவள் சொன்னாள், "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வீட்ல இல்லாதப்பதான் அம்மாவோட கை வேலை செய்யுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டின புருஷன் வெளியே போனால் ஓடுமாம், உள்ளே வந்தால் நிற்குமாம். இப்படி ஒரு கை உலகத்தில் உண்டா? மீட்டரில் அப்படி உண்டு. ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் நிற்கும், காரணம் கேட்டால் சொல்லாது. உள்ளே ஏதோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கும். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

என்றாலும் சோதிக்காமல் சொல்லக் கூடாது, அது எங்கள் தொழில் ஒழுங்கு. சோதிப்பதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை நான் சங்கத்திலிருந்து வந்தால் இவள் மடியில் ஒரு முழம் பூ. எனக்குச் சந்தோஷம். எடுத்து இவள் தலையில் வைத்துவிட்டேன். வைத்துத் திரும்புவதற்குள் பூ பொலபொலவென்று உதிர்கிறது. தோளில், முதுகில், தரையில். எடுத்துப் பார்த்தால் அது பூக் கட்டுகிற லட்சணமே இல்லை. ஒரு இடத்தில் நாலு மொட்டு, ஒரு இடத்தில் வெறும் நார். முடிச்சில் ஒன்றுகூட இறுகவில்லை. சின்னப் பிள்ளை விளையாட்டுக்குக் கட்டின மாதிரி. மைமூன் முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவன். "கடைக்கு நல்ல பூ, எங்களுக்கு இந்தக் குப்பையா மைமூன்? இதை எப்படித் தலையில வைக்கிறது?" என்று கேட்டுவிட்டேன்.

மைமூன் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அப்புறம் இவளைப் பார்த்தாள். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சரிண்ணே, இனிமே பாத்துக் கட்டுறேன்" என்று சொல்லிவிட்டு மைமூன் போய்விட்டாள். நானும் அந்த நாரைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து சோறு வைத்தேன். இவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மைமூனைத் திட்டியது இவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இளகின மனசு.

அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் என் சோதனை. சங்கத்துக்குப் போகவில்லை. மைமூனிடமும், நான் இருக்கிறேன், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்காலியை இவள் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டேன். கண்ணை எடுக்கவில்லை. அது உறுமும், நான் பார்ப்பேன். இவள் என்னைப் பார்ப்பாள். கையை அசைக்க மாட்டாள். மறுபடி உறுமும். கோடு எங்கே இருந்தது என்கிறீர்கள்? காலையும் இல்லை, மாலையும் இல்லை, சுத்தமாகத் தரை. தினமும் தரை. மீட்டரைச் சரியான ஆள் முன்னால் வைத்துச் சோதித்தால் அது எப்படிப் பொய் சொல்லும்?

வெண்ணிலாவுக்குப் போன் பண்ணி, பார்த்தாயா, நான் சொன்னேனா இல்லையா என்று கேட்டேன். போனில் ஏதோ இரைச்சல். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அழுகிறாள். "அப்பா, நீங்க அம்மாவுக்குக் கையா இருக்காதீங்கப்பா. அம்மாவுக்குக் கை இருக்கு" என்றாள். அப்புறம் சொல்கிறாள், தயவுசெய்து காலையில் மட்டும் வெளியே போங்களேன் என்று. பெற்ற மகள் சொல்கிற பேச்சா இது? அம்மாவை அந்த நிலைமையில் போட்டுவிட்டு நான் எங்கே போவது? நீங்க சொல்லுங்க. அந்தக் கைக்குள்ளே போய் நான் ஒன்றும் செய்ய முடியாது. நரம்பு என்ன கம்பியா, வெட்டி ஒட்டிவிடுவதற்கு? என்னால் முடிந்தது ஒன்றுதான். இவள் கஷ்டப்படாமல் பார்த்துக்கொள்வது. அதையும் விடு என்றால் நான் வேறு என்ன செய்வேன்?

ஜெனிட்டா நேற்றுக் கூப்பிட்டாள். இப்படியே கோடு விழுந்தால் மையத்தில் கைப் பயிற்சியை நிறுத்திவிடுவார்களாம். கருவியை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்களாம். "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க சார், பேசலாம், அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துடாதீங்க" என்று கெஞ்சினாள். பேச என்ன இருக்கிறது? பழுதான மீட்டரை வைத்துக்கொண்டு அதை நம்பி இவளை இம்சைப்படுத்துவதா? கொடுத்துவிட்டு வந்தால் உறுமலாவது நிற்கும். இவளும் நிம்மதியாக இருப்பாள்.

ஆனால் ஒன்று, காலையில் கழற்றப் போனேன், விடமாட்டேன் என்றுவிட்டாள். இடது கையால் அதைப் பொத்திக்கொண்டு முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தச் சத்தம் போட்டாள். சரி, மதுரை போகிற வரைக்கும் கட்டிக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன். நோய் வந்தால் எல்லோரும் குழந்தைதான்.

காரியாபட்டி வந்துவிட்டதா? கண்டக்டர், கொஞ்சம் நிற்குமா? நிற்கும் என்கிறார். நான் இறங்கியே ஆக வேண்டும் தம்பி, சர்க்கரைக்காரன். நீங்க இருக்கீங்கல்ல, இவளைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க. இறங்குவதற்கு முன்னால் ஒன்று காட்டுகிறேன், இந்தப் போனைப் பாருங்க. பஸ் ஏறியதிலிருந்து கோடு படுத்தே கிடக்கிறது. கீழே இந்த எண் தெரிகிறதா? கை அசைந்தால் இது ஓடும். நிற்கிறது பாருங்க. நினைவு வைத்துக்கோங்க. இவளுக்கு எதுவும் வேண்டுமென்றால் நான் வருகிற வரைக்கும் இருக்கச் சொல்லுங்க. எதையும் எடுக்க விடாதீங்க. நகராதே தவமணி, இதோ வந்துவிட்டேன்.

அப்பாடா. இந்த ஊரில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பஸ் கிளம்பிவிடுமோ என்று ஓடி வந்தேன். கொஞ்சம் வழி விடுங்க தம்பி.

என்ன இது, அந்த வலது கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே விட்டிருக்கிறாள்? பக்கத்தில் ஒரு பஸ் உரசிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? நீங்க கவனிக்கவில்லையா? உள்ளே எடு, உள்ளே எடு தவமணி. இரு, நான் எடுக்கிறேன். இது ஏது பூ? கை முழுக்க ஈரம். கீழே ஒரு பூக்காரி போகிறாள், அவளிடமா? காசு நீங்க கொடுத்தீங்களா? உங்களுக்கு எதற்குச் சிரமம்? விரலைப் பாருங்க, எப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறது. பிரிக்கவே முடியவில்லை. இந்த நோயில் இப்படி ஒரு இறுக்கம் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விடு தவமணி. விடு, நான்தான் வந்துவிட்டேனே. ஆங்.

இருங்க தம்பி, ஏதோ சொல்ல வருகிறீங்க, ஒரு நிமிஷம். முதலில் இதை வைத்துவிடுகிறேன். திரும்பு. தலையைக் குனி. நல்ல பூ, நெருக்கமாகக் கட்டியிருக்கிறது, உதிராது. ஏன் கண் கலங்குகிறாய்? தூசி விழுந்துவிட்டதா? ஜன்னலைச் சாத்தவா?

இப்போது போனைப் பார்ப்போம். எங்கே என் கண்ணாடி? இதோ. பார்த்தீங்களா? நான் இறங்கும்போது நின்ற எண்ணா இது? ஓடியிருக்கிறது. நான் கீழே இருந்த கொஞ்ச நேரத்தில் ஓடியிருக்கிறது, கோடு எவ்வளவு உயரம் பாருங்க. இப்போது நான் வந்து உட்கார்ந்துவிட்டேன். எண்ணைப் பாருங்க. பார்த்துக்கொண்டே இருங்க.

நின்றுவிட்டது. நான் சொன்னேனா இல்லையா?

இத்தனை நாள் எனக்கு ஒரு சாட்சி இல்லாமல் போய்விட்டது தம்பி. நான் சொன்னால் மகளே நம்பவில்லை. நீங்க கூடவே உட்கார்ந்திருந்தீங்க, உங்கள் கண்ணால் பார்த்தீங்க. மதுரையில் உங்களுக்கு அவசர வேலை ஒன்றும் இல்லையே? மையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான். ஒரு எட்டு எங்களோடு வந்துவிட்டுப் போங்க. நீங்க எனக்காக ஒன்றும் கூட்டிச் சொல்ல வேண்டாம். நான் கீழே இறங்கியிருந்தபோது இங்கே என்ன நடந்தது, நீங்க என்ன பார்த்தீங்க, அதை அப்படியே அந்த ஜெனிட்டாவிடம் சொன்னால் போதும்.

வருவீங்கதானே? பாருங்க, இவள்கூட உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.